நாலு கோடி இலக்க எண்ணை எப்படிச் சோதித்தார்கள்?

ஐயா, வணக்கம். 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 பகா எண் என்று 2024 அக்டோபரில் அறிவித்தார்கள். 4,10,24,320 இலக்கங்களாம். வர்க்கமூலம் வரை வகுத்துப் பார் என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். இதை எப்படி வகுத்தார்கள்? நடுவில் கம்ப்யூட்டர் தப்புக் கணக்குப் போட்டிருந்தால்?
– ஒரு கணித ஆசிரியை

வணக்கம்.

வர்க்கமூலமே இரண்டு கோடி இலக்கங்களுக்கு மேல் நீளும். அதுவரை வகுப்பது நடக்காத காரியம். முதல்கட்டச் சல்லடைக்கு மட்டும் வகுப்பார்கள், அதுவும் எல்லா எண்ணாலும் அல்ல. 2இன் பகா எண் அடுக்கிலிருந்து 1 கழித்த இந்த வகை எண்ணின் பகாக் காரணி, அடுக்கின் இரட்டை மடங்கோடு 1 கூட்டியதாக இருக்கும்; 8ஆல் வகுத்தால் 1 அல்லது 7 மீதி வரும். 2¹¹ − 1 = 2047 = 23 × 89. இரண்டும் 22இன் மடங்கோடு ஒன்று. நம் பெரிய எண்ணுக்கு இந்த நிபந்தனைகளில் தேறும் முதல் எண்ணே 81,76,79,047.

தீர்ப்புச் சொல்வது லூகாஸ்–லெமர் சோதனை. 4இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி, 2 கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அடுக்கைவிட இரண்டு குறைவான சுற்றுகள். கடைசியில் பூஜ்யம் வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை. 31க்கு, அதாவது 2⁵ − 1க்கு, மூன்றே சுற்று: 4, 14, 8, 0. மீதி எடுக்கவும் வகுக்க வேண்டாம். 14ஐ வர்க்கப்படுத்தி 2 கழித்தால் 194, இரும வடிவில் 11000010. கடைசி ஐந்து இலக்கம் 00010, அதாவது 2. முன்னால் உள்ள 110, அதாவது 6. கூட்டினால் 8. அவ்வளவுதான்!

பெரிய எண்ணுக்கு இதே வேலை 13,62,79,839 சுற்றுகள். நேரம் தின்பது வர்க்கம்தான். எண்ணைத் துண்டுகளாக்கி, ஃபூரியர் உருமாற்றம் (பெரிய பெருக்கலை வேகமாக்கும் கணித உத்தி) வழியாகத் தசமப் புள்ளியில் பெருக்கி, விடையை அருகிலுள்ள முழு எண்ணாக்குவார்கள். ஒரு துண்டில் அளவுக்கு மீறி பிட்டுகளைத் திணித்தால் பிழை 0.5ஐத் தொட்டு, பக்கத்து முழு எண்ணுக்குத் தாவிவிடும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் குப்பை.

உங்கள் சந்தேகம் இங்கேதான் சரி. பிழை நேர்ந்தால் பெரும்பாலும் உண்மையான பகா எண்தான் "இல்லை" என்று கைநழுவும். அதனால் இப்போது முதலில் ஃபெர்மா சோதனை; பகாவாக இருக்கலாமா என்று மட்டும் அது சொல்லும். அது வெறும் வர்க்கச் சங்கிலி என்பதால் கெர்பிச் முறை என்ற பிழைகாணும் உத்தியால் இடையிடையே சரிபார்க்கலாம். லூகாஸ்–லெமரில் குறுக்கிடும் அந்த "2 கழி" இதற்கு இடம் கொடுக்காது. பொய்ப் பூஜ்யம் தற்செயலாக வருவது அரிது, ஆனால் மென்பொருள் கோளாறால் வரலாம். ஆகவே வேறு வேறு நிரல்களிலும் கருவிகளிலும் மறுபடி ஓட்டிப் பார்ப்பார்கள். இந்த எண் டப்ளினில் இருந்த ஒரு ஜிபியுவில் (கிராஃபிக்ஸ் செயலி) "பகாவாக இருக்கலாம்" என்று சிக்கியது. மறுநாள் சான் அன்டோனியோவில் வேறொரு ஜிபியு லூகாஸ்–லெமர் ஓட்டி உறுதி செய்தது.

வகுப்பில் 2047ஐக் கொடுங்கள், ஒன்பது சுற்று: 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. பூஜ்யம் இல்லை என்பதோடு விட்டுவிடாமல் 1736 வந்ததா என்று பாருங்கள். நடுவில் தப்பாகப் பெருக்கிய பிள்ளைக்கும் "பகா எண் இல்லை" என்ற சரியான விடை வந்துவிடும்.