பாம்பு கடித்த முதல் ஒரு மணி நேரம்: கேள்வி பதில்

ஆம்புலன்ஸ் ஊழியர்கள், கிராம செவிலியர்கள், தன்னார்வலர்கள் கேட்டவை இவை. பாம்புக்கடி முதலுதவிக்கு மட்டுமே பதில் சொல்கிறேன். முதலில் ஒன்று: கடித்த நேரத்தை எழுதி வையுங்கள். காகிதம் இல்லையென்றால் கடிபட்டவர் கையிலேயே பேனாவால் எழுதுங்கள். ஆஸ்பத்திரியில் அந்த நேரத்தை வைத்துத்தான் எதையும் கணக்கிடுவார்கள்.

மன்னார்குடி, சுயஉதவிக் குழு: கடிவாய்க்கு மேலே கயிறு கட்டலாமா?

வேண்டாம். விஷம் பெரும்பாலும் நிணநீர் வழியாகத்தான் ஏறுகிறது. லேசாகக் கட்டினால் அது நிற்காது. இறுக்கிக் கட்டினால் ரத்தமே நின்றுவிடும். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் விஷம் சதையை அரிக்கும். அதை ஒரே இடத்தில் தேக்கி, அங்கே ரத்தமும் போகாமல் செய்தால் பிழைக்க வேண்டிய கால் அழுகிப் போகும். கட்டியாயிற்று என்ற தைரியத்தில் புறப்படத் தாமதிப்பது அதைவிடக் கேடு.

அரூர், 108 பைலட் (ஆம்புலன்ஸ் ஓட்டுநர்): கடிபட்ட காலை அசைக்கக் கூடாது என்கிறார்கள். வயல்வரப்பில் எதை வைத்துக் கட்டுவது?

நல்ல கேள்வி. நடக்க நடக்கத் தசை சுருங்கி நிணநீரைத் தள்ளும். அதனால் கடிபட்டவரை ஓர் அடிகூட நடக்க விடாதீர்கள். காலை அசையாமல் பிடிக்கக் குடை, மண்வெட்டிக் காம்பு, காய்ந்த பனைமட்டை, சுருட்டிய கோணிப்பை என எது கிடைத்தாலும் போதும். முழங்காலுக்கு மேலிருந்து குதிகால் வரை நீளம் இருக்க வேண்டும். மட்டையின் கருக்கு தோலில் படாமல் துண்டைச் சுற்றிக்கொள்ளுங்கள். முழங்காலுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, கணுக்காலில் ஒன்று என மூன்று அகலமான துணிக் கட்டு. இது விஷத்தைத் தடுக்க அல்ல, மட்டையைக் காலோடு பிடிக்க மட்டும். கடிவாயின் மேல் கட்டு விழக் கூடாது. ஒவ்வொரு கட்டுக்குள்ளும் இரண்டு விரல் நுழைய வேண்டும். பெருவிரல் நகத்தை அழுத்தி விடுங்கள். இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்பாவிட்டால் கட்டு இறுக்கம், தளர்த்துங்கள். கால் வீங்க வீங்கக் கட்டு தானாகவே இறுகும். வண்டியில் போகும்போதும் கால் மணிக்கு ஒருமுறை பாருங்கள்.

இதற்கெல்லாம் முன்பாக மெட்டி, கொலுசு, மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்றால் பைக் போதும். கடிபட்டவரை நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். நேபாளத்தின் தராய் சமவெளியில் தன்னார்வலர்களின் பைக்குகளை ஏற்பாடு செய்தே பாம்புக்கடிச் சாவைக் குறைத்திருக்கிறார்கள்.

கள்ளக்குறிச்சி, இஎம்டி (ஆம்புலன்ஸ் மருத்துவ உதவியாளர்): கடிவாயே தெரியவில்லை, வீக்கமும் இல்லை, வயிற்றுவலி என்று மட்டும் சொல்கிறார். பாம்புக்கடி என்று எப்படிச் சந்தேகிப்பது?

இந்தக் கேள்விக்கு விரிவாகச் சொல்ல வேண்டும். ராத்திரி தரையில் பாய் விரித்துப் படுத்தவர். விடியற்காலையில் வயிற்றைப் பிசைகிறது, வாந்தி, தொண்டை வலி. இமை தூக்கிப் பிடிக்க முடியாமல் விழுகிறது. வேறு காரணம் நிரூபணமாகும் வரை இதைக் கட்டுவிரியன் கடி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பல் சிறியது. வலி இருக்காது, தடம் தெரியாது. வாயுக் கோளாறு என்று ஓமத்தண்ணீர் கொடுத்து உட்காரவைத்த நேரத்தில் விழுங்கும் தசை போய், அடுத்து மூச்சுத் தசையும் போகும்.

வண்டியில் பார்க்க வேண்டியவை: மேலே பார்க்கச் சொல்லி இமை எவ்வளவு திறக்கிறது என்று பாருங்கள். படுத்தபடியே தலையைத் தூக்கச் சொல்லுங்கள். ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்த எண்ணை நேரத்தோடு குறியுங்கள். 25 வரை எண்ணியவர் 15, பிறகு 9 என்று இறங்கினால் ஆம்பு பேக்கை (கையால் அழுத்தி மூச்சுக்காற்று செலுத்தும் பை) கையில் எடுங்கள். வாயில் எச்சில் தேங்கினால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து உறிஞ்சி எடுங்கள். தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள்.

மூச்சு நின்றால் பெரியவர்களுக்கு ஐந்தாறு விநாடிக்கு ஒருமுறை அந்தப் பையை அழுத்துங்கள், நெஞ்சு எழும்பும் அளவுக்கு மட்டும். பையை முழுதாகப் பிழிந்தால் காற்று வயிற்றுக்குள் போய் வாந்தியாகும். எவ்வளவு தூரமானாலும் நிறுத்தாதீர்கள்.

இன்னொன்று. முழு வாதத்தில் (எல்லாத் தசையும் செயலிழந்த நிலையில்) கண் திறக்காது, கண்மணி விரிந்து நிற்கும், கிள்ளினாலும் கை அசையாது. இறந்துவிட்டார் என்று தோன்றும். ஆனால் நாடி இருக்கும், நினைவும் இருக்கலாம். நீங்கள் பேசுவது அவர் காதில் விழும். என்ன செய்கிறீர்கள் என்று அவரிடம் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். இப்படிப்பட்டவர்கள் சில நாள் வென்டிலேட்டரில் இருந்துவிட்டு எழுந்து நடந்து வீட்டுக்குப் போகிறார்கள்.

விருத்தாசலம்: துணியால் லேசாகக் கட்டினால் பரவாயில்லையா?

முதல் பதிலைப் பாருங்கள். துணியானாலும் வேண்டாம்.

ஓசூர்: நாய் கடித்தால்?

சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றைக்கே தடுப்பூசிக்குப் போங்கள். பாம்புக்கடியில் அப்படித் தேய்த்துக் கழுவக் கூடாது. கீறவும் உறிஞ்சவும் கூடாது. நாய்க்கடி தனியாகப் பேச வேண்டிய விஷயம்.

மெல்போர்ன், செவிலியர்: இங்கே பாம்பு கடித்தால் முழுக் காலுக்கும் அழுத்தக் கட்டுதான் முதல் வேலை. அதைச் சொல்லாமல் விடுவது தப்பு இல்லையா?

ஆஸ்திரேலியாவுக்கு நீங்கள் சொல்வது சரி. ஆஸ்திரேலிய மருத்துவர் ஸ்ட்ருவான் சதர்லேண்ட் 1979இல் காட்டிய முறை அது. அங்குள்ள கொடிய பாம்புகள் நாகக் குடும்பத்தைச் சேர்ந்தவை, கடித்த இடத்தில் சதை அதிகம் கெடாது. நம் வயலில் கடிப்பதில் பெரும்பங்கு கண்ணாடி விரியன். அதன் விஷத்தைக் காலிலேயே பூட்டி வைத்தால் கால்தான் விலை.

அதே செவிலியர்: கட்டுவிரியன், நல்ல பாம்பு உங்களுக்கும் உண்டே? மூச்சு நிற்பதைத் தள்ளிப்போடலாமே?

உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்கு ஆசிய வழிகாட்டியிலும் கட்டுவிரியன், நல்ல பாம்பு போன்ற நரம்பு விஷப் பாம்புக்கு இந்தக் கட்டுக்கு இடம் இருக்கிறது, கண்ணாடி விரியன், சுருட்டை விரியனுக்கு இல்லை. என் தயக்கம் கட்டுபவரின் கைப்பழக்கத்தைப் பற்றியது. காலுக்கு 55 முதல் 70 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் வேண்டும். அதை விரலால் உணர்ந்து கட்டப் பழக வேண்டும், பழக்கம் விட்டுப்போனால் கையும் மறக்கும். எலாஸ்டிக் கட்டுத்துணி இல்லாமல் வேட்டியைக் கிழித்துக் கட்டினால் ஒன்று தளரும், இல்லை கயிறாகிவிடும். அதன் பிறகு நடந்தால் கட்டியதே வீண். பயிற்சி பெற்ற இஎம்டி, பாம்பு கட்டுவிரியன் என்பது உறுதி, ஆஸ்பத்திரி தொலைவு: இந்த மூன்றும் சேர்ந்தால் மேலதிகாரி மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செய்யலாம். பொதுமக்களுக்கு இதைச் சொல்லித்தர மாட்டேன்.

விருத்தாசலம்: அப்படியானால் கட்டுவது சரி என்று ஒப்புக்கொள்கிறீர்கள்?

இல்லை. அவர் சொல்வது விரலிலிருந்து தொடை வரை அகலமாகச் சுற்றும் எலாஸ்டிக் கட்டு. நீங்கள் கேட்பது ஓரிடத்தில் போடும் முடிச்சு. அது எந்தப் பாம்புக்கும் எந்த வழிகாட்டியிலும் இல்லை. இந்தக் குழப்பம் வரும் என்றுதான் பொதுமக்களுக்கு அதைச் சொல்வதில்லை.

பெண்ணாகரம், கிராம செவிலியர்: ஏற்கெனவே இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்துவிட்டால்?

சட்டென்று அவிழ்க்காதீர்கள் அம்மா. தேங்கிய விஷம் ஒரேயடியாக ஏறி ரத்த அழுத்தம் விழலாம், மூச்சு நிற்கலாம். கட்டுக்குக் கீழே நாடி இருக்கிறதா என்று பார்த்து எழுதிக்கொண்டு, வேகமாக ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். ரத்த நாளத்தில் ஊசி போட்டு, ஆம்பு பேக்கும் ஏஎஸ்வியும் (பாம்பு விஷமுறிவு மருந்து) தயாரான பிறகு, கட்டுக்கு மேலே பிபி பட்டையை ஏற்றி, கட்டை எடுத்துவிட்டு, காற்றைச் சிறிது சிறிதாக இறக்குவார்கள்.

வலிக்கு டைக்ளோ (டைக்ளோஃபெனாக்) ஊசி போட்டு அனுப்பும் பழக்கம் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. தயவுசெய்து போடாதீர்கள். விரியன் விஷத்தால் ரத்தம் உறையாத நிலையில் தசையில் குத்தினால் அங்கே ரத்தம் கட்டும், சிறுநீரகத்துக்கும் கெடுதல். பாராசிட்டமால் மாத்திரை போதும், அதுவும் விழுங்க முடிந்தால். டிடி (டெட்டனஸ்) ஊசிக்கும் அவசரமில்லை, உறைதல் சரியான பிறகு போடலாம்.

ஆரம்ப சுகாதார நிலையம், ஆய்வக உதவியாளர்: ரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் 20 நிமிடச் சோதனை ஆளுக்கு ஒரு மாதிரி வருகிறதே?

குழாயைப் பாருங்கள். புதிய, சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாய்தான் வேண்டும். பிளாஸ்டிக்கில் நல்ல ரத்தமும் சரியாக உறையாது. சோப்புத்தூள் போட்டுக் கழுவிய கண்ணாடியிலும் அப்படியே. ரத்த நாளத்திலிருந்து 2 மில்லி எடுத்துக் குழாயில் விட்டு, அசையாமல் 20 நிமிடம் வையுங்கள். நடுவில் சாய்த்துப் பார்ப்பதுதான் வழக்கமான தப்பு. நேரம் ஆனதும் ஒரே ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். ரத்தம் வழிந்தால் உறையவில்லை, நம் ஊரில் அது விரியன் விஷம், கட்டுவிரியன் அல்ல. சந்தேகம் இருந்தால் கூட வந்தவரின் ரத்தத்தைப் பக்கத்திலேயே வைத்துப் பாருங்கள். ஏஎஸ்வி கொடுத்த பிறகு ஆறு மணி நேரம் கழித்து மறுசோதனை. கல்லீரல் உறைபொருளைத் திரும்ப உண்டாக்க அவ்வளவு நேரம் வேண்டும்.

யாழ்ப்பாணம்: இந்திய ஏஎஸ்வி மருந்து எல்லாப் பாம்புக்கும் கேட்குமா?

நான்குக்கு மட்டும்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன் (உங்கள் ஊர்ப் புடையன்), சுருட்டை விரியன். இலங்கையிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உள்ள, மூக்கு மேல்நோக்கி நிமிர்ந்த சிறு குழிவிரியனுக்கு இது வேலை செய்யாது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிறுநீர் குறைகிறதா என்று கண்காணிப்பதுதான் வழி. மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி 1978இல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது.

திட்டக்குடி: பாம்பை அடித்துக் கொண்டுபோகவா?

வேண்டாம். அறுந்த தலைகூடக் கடிக்கும். தூரத்திலிருந்து ஒரு போட்டோ எடுக்க முடிந்தால் சரி, தேடிக்கொண்டு நிற்காதீர்கள்.

சேத்தியாத்தோப்பு: குழந்தைக்கு அரைஞாண் கயிற்றை அவிழ்த்துக் காலில் கட்டலாமா?

கட்டாதீர்கள். பெரியவர், குழந்தை, கர்ப்பிணி யாருக்கும் இதில் விலக்கு இல்லை. ஏஎஸ்வி அளவும் குழந்தைக்குக் குறையாது, பாம்பு செலுத்தும் விஷம் ஆளைப் பார்த்துக் குறைவதில்லை.

அரூர், 108 பைலட்: எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது? போனில் என்ன சொல்வது?

வழியிலேயே கூப்பிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். ஏஎஸ்வி பத்துக் குப்பி கையிருப்பில் இருக்கிறதா? வென்டிலேட்டர் காலியா? டாக்டர் இப்போது இருக்கிறாரா? முதலாவதுக்கு இல்லை என்று பதில் வந்தால் அங்கே போய் நேரத்தைக் கரைக்காதீர்கள். மூச்சு திணறினால் மட்டும் அருகில் மூச்சுக்குழாய் போடத் தெரிந்த இடத்தில் நிறுத்துங்கள்.

பிறகு நீங்கள் சொல்ல வேண்டியது: கடித்த நேரம், கடித்த இடம், இமை விழுகிறதா, ஈறிலோ சிறுநீரிலோ ரத்தம் வருகிறதா, ஒரு மூச்சில் எண்ணிய எண், கட்டு இருந்ததா, என்ன ஊசி போட்டார்கள். வீக்கம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பேனாவால் தோலில் கோடு போட்டு, கோட்டின் பக்கத்தில் மணி எழுதிக் கொண்டுபோங்கள்.