புது வடிவமைப்பு இருக்கட்டும், இணையதளப் பெயர் யார் பெயரில் இருக்கிறது?

கேள்வி: மதுரை விளக்குத்தூண் அருகே சுங்குடிச் சேலைக் கடை நடத்துகிறேன். சென்ற ஆண்டு ஒருவரிடம் 35,000 ரூபாய் கொடுத்துக் கடைக்கு இணையதளம் செய்தேன். பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் செல்போனில் திறக்க நேரமாகிறது, விலை எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை என்று வாடிக்கையாளர்கள் குறை சொல்கிறார்கள். எல்லாவற்றையும் புதிதாக வடிவமைக்க இன்னும் 40,000 ரூபாய் ஆகும் என்கிறார் செய்து கொடுத்தவர். கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். நீங்கள் குறிப்பிடும் இரண்டு குறைகளும் இருக்கிற தளத்திலேயே சில நாள் வேலையில் சரிசெய்யக் கூடியவை. அதைவிட அவசரமாக நீங்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. குறைகளைப் பற்றிச் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

தளம் மெதுவாகத் திறப்பதற்குக் காரணம் அனேகமாகப் படங்கள்தான். செல்போனில் எடுத்த ஒரு புகைப்படம் 3 முதல் 5 எம்.பி. வரை இருக்கும். அப்படிப் பத்துப் படங்களை முகப்பில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டால், பேருந்தில் அமர்ந்து பார்க்கும் வாடிக்கையாளர் உங்கள் கடைப் பெயரைப் படிப்பதற்குள் பொறுமையிழந்து மூடிவிடுவார். அதே படத்தை 200 கே.பி.க்குள் சுருக்கினாலும் செல்போன் திரையில் வித்தியாசம் தெரியாது. ஓடும் படங்களை எடுத்துவிட்டு, நல்ல சேலைப் படம் ஒன்றை மட்டும் முகப்பில் வையுங்கள். கூகுளின் 'பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ்' என்ற இலவசச் சோதனையில் உங்கள் தள முகவரியைக் கொடுத்தால், முகப்பின் முக்கியப் பகுதி தோன்ற எத்தனை நொடியாகிறது என்று காட்டும், 2.5 நொடிக்குள் இருந்தால் நல்லது.

விலை விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்வேன். 'விலைக்குத் தொடர்பு கொள்ளவும்' என்று எழுதினால் வாங்க வருபவர் பாதி வழியிலேயே திரும்பிவிடுவார். ஒவ்வொரு சேலைக்கும் கீழே விலை, எத்தனை மீட்டர், ரவிக்கைத் துணி உண்டா, சாயம் போகுமா, முதல் சலவையை எப்படிச் செய்வது என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். சுங்குடி வாங்குபவர் முக்கியமாகத் தெரிந்துகொள்ள விரும்புவது, அது கையால் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றியதா, அச்சடித்ததா என்பதைத்தான். முடிச்சு அவிழ்ந்த சுருக்கமும் ஒன்றுபோல் இல்லாத புள்ளிகளும் தெரியும்படி, துணியை நெருக்கத்தில் எடுத்த படம் ஒன்றைக் கட்டாயம் போடுங்கள். அச்சுச் சேலையாக இருந்தால் அச்சு என்றே எழுதுங்கள். பெரிய கடைகளின் தளத்தில் கிடைக்காத நம்பிக்கையை உங்கள் தளம் தருவதற்கு இதுதான் வழி.

இன்னொன்று, தமிழ் எழுத்து. விசிட்டிங் கார்டுக்கு அச்சகத்தில் பாமினி எழுத்துருவில் அடித்துக் கொடுத்த வரிகளைப் படமாக மாற்றித் தளத்தில் ஒட்டிவிடும் வழக்கம் நம் ஊரில் நிறைய இருக்கிறது. படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி நம்பகமாகப் படித்துக்கொள்ளாது. வயதானவர் பெரிதாக்கினால் மங்கும். முகவரியை ஒருவர் எளிதாக நகலெடுத்து உறவினருக்கு அனுப்பவும் முடியாது. எல்லாமே யூனிகோடு தமிழில், அதாவது எந்தச் செல்போனிலும் எழுத்தாகவே தெரியும் பொதுக் குறியீட்டு முறையில், கண்ணை இடுக்காமல் படிக்கும் அளவில் இருக்க வேண்டும். செல்போன் எண்ணைத் தொட்டால் அழைப்பு போக வேண்டும், வாட்ஸ்அப் குறியைத் தொட்டால் உரையாடல் திறக்க வேண்டும், வழி என்பதைத் தொட்டால் வரைபடம் வர வேண்டும். சரிபார்க்க விரும்பினால், உங்கள் தளத்தை அதுவரை பார்க்காத ஒரு பெரியவரிடம் செல்போனைக் கொடுத்து, ஒரு சேலையின் விலையையும் கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதையும் கண்டுபிடிக்கச் சொல்லிவிட்டு, வாய் திறக்காமல் பக்கத்தில் அமர்ந்து பாருங்கள். அவர் விரல் எங்கே தயங்குகிறதோ அங்கேதான் கோளாறு.

இனி, நான் அவசரம் என்று சொன்ன விஷயம். உங்கள் இணையதளத்தின் பெயர், அதாவது டொமைன், யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? இந்தக் கேள்வியை நான் கேட்கும்போது பெரும்பாலான கடைக்காரர்கள், 'அவரிடம்தான் எல்லாம் இருக்கிறது' என்கிறார்கள். அந்த ஒரு பதிலில்தான் ஆபத்து முழுவதும் இருக்கிறது. செய்து கொடுத்தவர் தம்முடைய மின்னஞ்சலில், தம்முடைய கணக்கில் பெயரைப் பதிவு செய்திருந்தால், டொமைனைப் பதிந்து தரும் பதிவு நிறுவனத்தின் பார்வையில் உரிமையாளர் அவரே. நீங்கள் பணம் கொடுத்ததும், பலகையிலும் பையிலும் அந்த முகவரியை அச்சடித்ததும் அந்த நிறுவனத்துக்குத் தெரியாது. டாட் காம், டாட் இன் பெயர் ஒன்றுக்கு ஆண்டுக்குச் சாதாரணமாக 1,500 ரூபாய்க்குள்தான் ஆகும். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் 'பராமரிப்பு' என்று பல மடங்கு வாங்குபவர்களை எனக்குத் தெரியும். தளத்துக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே போகும் தகவலை மறைத்துக் காக்கும் பாதுகாப்புச் சான்றிதழுக்கென்று தனியாகப் பணம் கேட்பதும் இதே வகைதான். உங்களைப் போன்ற கடைக்குப் போதுமான சான்றிதழை 'லெட்ஸ் என்கிரிப்ட்' அமைப்பு பல ஆண்டுகளாக இலவசமாகவே தருகிறது. கூகுள் வரைபடத்தில் கடையைச் சேர்ப்பதற்கும் கட்டணம் கிடையாது. 'கூகுளிலிருந்து பேசுகிறோம், பணம் கட்டாவிட்டால் கடை வரைபடத்திலிருந்து போய்விடும்' என்று வரும் அழைப்புகளை நம்பாதீர்கள். அந்தப் பதிவிலும் உரிமையாளராக உங்கள் மின்னஞ்சல் இருக்க வேண்டும். வேலை செய்பவரை நிர்வாகி என்ற நிலையில் சேர்த்தால் போதும்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 'ஓராண்டுக்கு டொமைன் இலவசம்' என்று வரும் திட்டங்கள் எல்லாமே ஏமாற்று அல்ல. பதிவில் உரிமையாளராக உங்கள் பெயரும் உங்கள் மின்னஞ்சலும் இருந்தால், அந்தப் பெயர் உங்களுடையதே. ஆனால் டாட் காம் பெயரைப் பதிவு செய்த முதல் 60 நாட்களுக்கு வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாது. அதன் பிறகு, மாற்றத்தைத் தடுக்கும் பூட்டைத் தளத்தின் பதிவுக் கணக்கில் திறந்து, மாற்றத்துக்கான ரகசியக் குறியீட்டைப் பெற்று எங்கு வேண்டுமானாலும் கொண்டு போகலாம். மாற்றும்போது கட்டும் தொகைக்குப் பொதுவாகப் பதிவுக் காலத்தில் ஓராண்டு கூடுதலாகச் சேரும். இடையில் உரிமையாளர் விவரத்தை மாற்றினால் இன்னொரு 60 நாள் பூட்டு விழக்கூடும் என்பதால், காலாவதி நெருங்கும் நேரத்தில் இதைத் தொடாதீர்கள். உங்களுக்கு எளிய வழி, அதே நிறுவனத்தில் உங்கள் பெயரில் ஒரு கணக்கைத் திறந்து, தளம் செய்து கொடுத்தவரின் கணக்கிலிருந்து பெயரை அதற்கு மாற்றித் தரச் சொல்வதுதான். அவர் மனம் வைத்தால் அங்கேயே முடிந்துவிடும். ஓ.டி.பி. வரும் எண் உங்களுடையதாக இருக்கட்டும், கடையில் வேலை செய்யும் பையனுடையதாக இருக்க வேண்டாம்.

அவர் தர மறுத்தால் எங்கே போவது என்று கேட்பீர்கள். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. பதிவு நிறுவனம், பெயரைப் பதிந்து கொடுத்த இடைத்தரகரிடம் பேசச் சொல்லும், இடைத்தரகர் போனை எடுக்க மாட்டார். டாட் இன் பெயர்களுக்குத் தனி நடுவர் முறை இருந்தாலும், ஒரு சேலைக் கடைக்காரர் கல்லாவை விட்டுவிட்டு அதற்கு ஆவணம் திரட்டிக்கொண்டிருக்க முடியுமா? நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், வணிக நோக்கத்துக்காக வாங்கிய சேவை என்று எதிர்த்தரப்பு கிளப்பும். 2019ஆம் ஆண்டுச் சட்டம் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு அதில் இடம் தந்திருக்கிறது என்றாலும், அதை நிரூபிக்கும் அலைச்சல் உங்கள் தலையில்தான் விழும். ஒரு வீட்டை வாங்கினால் பத்திரம் நம் பெயருக்கு வந்ததா என்று பதிவு அலுவலகத்திலேயே தெரிந்துவிடுகிறது; கடையின் இணையப் பெயருக்கு அந்தக் குறைந்தபட்சப் பாதுகாப்பைக்கூட யாரும் ஏற்படுத்தித் தரவில்லை.

ஆகவே 40,000 ரூபாய்ப் பேச்சை எடுக்காமல், முதலில் அவரிடம் மூன்றை எழுத்தில் கேளுங்கள்: டொமைனை உங்கள் கணக்குக்கு மாற்றுவது, ஹோஸ்டிங் கணக்கின் (தளத்தின் கோப்புகளை வைத்திருக்கும் வாடகை இடத்தின்) கடவுச்சொல், தளத்தின் முழு நகல். 'தளத்தில் வேலை பார்க்க வேண்டியிருக்கிறது, அதற்கு முன் இவற்றை முடித்துவிடுவோம்' என்று நல்ல முகத்தோடு கேட்டால், பெரும்பாலும் தகராறு வராது. கைக்கு வந்த பிறகு படங்களைச் சுருக்குவது, விலை சேர்ப்பது, எழுத்தை யூனிகோடாக மாற்றுவது ஆகிய வேலைகளுக்கு மட்டும் அவரிடமோ வேறொருவரிடமோ விலை கேளுங்கள். தளத்திலேயே பணம் வாங்கி விற்கப் போகிறீர்கள் என்றால், 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி கடையின் சட்டப்பூர்வப் பெயர், முகவரி, திரும்பப் பெறும் முறை, குறை தீர்ப்பவரின் தொடர்பு ஆகியவை அதில் இருக்க வேண்டும். அவற்றையும் அதே வேலையில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். முன்பணம் பாதிக்கு மேல் வேண்டாம். மீதியை உங்கள் செல்போனில், மொபைல் டேட்டாவில் திறந்து பார்த்த பிறகு கொடுங்கள்.