சுவர்ப் படத்தில் 3,200, நிஜத்தில் 960

கேள்வி: ஐயா, என் மகன் நார்வேயில் ட்ரோம்சோ என்கிற ஊரில் படிக்கிறான். லீவுக்கு அங்கிருந்து இன்னும் வடக்கே லாங்யியர்பியன் போகப் போகிறானாம். மேலமாசி வீதியில் வாங்கி வீட்டில் மாட்டியிருக்கும் உலகப் படத்தில் நூல் பிடித்து அளந்தேன். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் உச்சி வரைக்கும் எவ்வளவு நூல் பிடிக்கிறதோ அதே நூல்தான் இதற்கும். அப்படியென்றால் 3,200 கிலோமீட்டர். இவனோ ‘ரெண்டு மணி நேரம்கூட ஆகாதுப்பா’ என்கிறான். யார் கணக்கு சரி?
– ஒரு தகப்பனார், திருமங்கலம்

பதில்: மகன் கணக்குதான் சரி. நீங்கள் அளந்ததிலும் பிழை இல்லை, படம்தான் அப்படி. மேலே போகப் போக தீர்க்கரேகைகள் நெருங்கிக்கொண்டே வரும். நம் மதுரைப் பக்கம் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 110 கிலோமீட்டர் இடைவெளி என்றால் லாங்யியர்பியன் இருக்கும் 78 டிகிரியில் அது 23 கிலோமீட்டர்தான். உங்கள் சுவரில் இருப்பது போன்ற, மெர்கேட்டர் முறையில் வரைந்த படத்தில் அந்தக் கோடுகளைச் செங்குத்தாக, சம இடைவெளியில் போடுகிறார்கள், நாடுகளின் வடிவம் கெடாமல் இருக்க உயரத்தையும் அதே அளவுக்கு இழுத்துவிடுகிறார்கள். ட்ரோம்சோ பக்கமே இழுவை மூன்று மடங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு, லாங்யியர்பியனில் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு!

உண்மையான வான்வழித் தூரம் சுமார் 960 கிலோமீட்டர். மதுரையிலிருந்து ஹைதராபாத் 820 என்று வைத்தால் அதைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் போகும், ஆனாலும் அட்டவணையில் ஒரு மணி நாற்பது நிமிடம் அளவுக்குப் போடுவார்கள், ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாம் அதற்குள் அடங்க வேண்டுமே. நம்ம மதுரை–சென்னை 420 கிலோமீட்டருக்கே ஒன்றே கால் மணி போடவில்லையா?

கேள்வி: அப்போ போய்வருவதில் அவனுக்குச் சிக்கல் ஒன்றும் இல்லையே?
– அதே தகப்பனார்

பதில்: தூரத்தால் இல்லை, பாஸ்போர்ட்டால் வரலாம். லாங்யியர்பியன் இருக்கும் ஸ்வால்பார்ட் தீவுகள் நார்வேக்குச் சொந்தம், ஆனால் ஷெங்கன் எல்லைக்கு, அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டுக்கு, வெளியே. அங்கே தங்க விசா வேண்டாம், ஆனால் ட்ரோம்சோவில் ஏறும்போதே ஷெங்கனை விட்டு வெளியேறுகிற கணக்கு, திரும்பும்போது புதிதாக நுழைகிற கணக்கு. மாணவருக்கான குடியிருப்பு அட்டை கையில் இருந்தால் பிரச்சினை இல்லை. நீங்கள் டூரிஸ்ட் விசாவில் போய் அவனோடு சேர்ந்துகொள்வதானால் ஒருமுறை நுழையும் விசா உதவாது, பலமுறை நுழையும் விசாவாகக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், அந்த விமான நிலையம் 1975-இல் நிரந்தர உறைமண் மேல் கட்டியது. அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை அங்கே சூரியனே உதிக்காது. வானிலை மோசமானால் இறங்காமலே நார்வே கரைக்குத் திரும்ப வேண்டி வரலாம். அதனால் திரும்பி வந்த அன்றைக்கே பரீட்சை என்கிற மாதிரி டிக்கெட் போட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.