அமெரிக்காவில் புது ஊருக்குக் குடிவந்திருக்கிறோம். குடும்பத்துக்கு ஒரு நர்ஸ் பிராக்டிஷனரை, அதாவது மேற்படிப்பு முடித்து நோயாளிகளைப் பார்த்து மருந்தும் எழுதித் தரும் நர்ஸை, எப்படித் தேடுவது?

முதலில் கூகுள் நட்சத்திரங்களை ஓரம் கட்டுங்கள். அந்த விமர்சனங்களில் பார்க்கிங் பற்றிய புலம்பல்தான் அதிகம், வைத்தியம் எப்படி என்று யாரும் எழுதுவதில்லை.

இன்சூரன்ஸ் கம்பெனி தளத்தில் தொடங்கலாம், ஆனால் அந்தப் பட்டியலை அப்படியே நம்ப வேண்டாம். வேலையை விட்டுப் போனவர்கள், புது ஆட்களை எடுக்காதவர்கள் எல்லாரும் அதில் இருப்பார்கள். பெயரைக் குறித்துக்கொண்டு கிளினிக்குக்கே போன் போடுங்கள். "எங்கள் இன்சூரன்ஸை எடுத்துக்கொள்வீர்களா?" என்று பொதுவாகக் கேட்டால் சட்டென்று ஆமாம் என்பார்கள், பிறகு அவுட்-ஆஃப்-நெட்வொர்க் (உங்கள் பிளானோடு ஒப்பந்தம் இல்லாதவர்) என்று பில் வீடு தேடி வரும். கார்டில் உள்ள பிளான் பெயரை அப்படியே வாசித்து, இந்தப் பிளானுக்கு இவர் இன்-நெட்வொர்க்தானா என்று கேளுங்கள். எச்எம்ஓ பிளான் (நெட்வொர்க்குக்குள் இருப்பவர்களிடம் மட்டும் போக விடும் வகை) என்றால் இவரையே பிசிபியாக (எதற்கும் முதலில் போய்ப் பார்க்கும் வைத்தியராக) போடலாமா என்று இன்சூரன்ஸ்காரர்களிடமும் கேட்டுவிடுங்கள், எல்லாப் பிளானிலும் விடமாட்டார்கள்.

அப்புறம் பெயருக்குப் பின்னால் இருக்கும் எழுத்துகள். எஃப்என்பி-சி (FNP-C), எஃப்என்பி-பிசி (FNP-BC) இரண்டும் குடும்ப நர்ஸ் பிராக்டிஷனர்தான், தேர்வு நடத்தும் அமைப்பு மட்டும் வேறு. பச்சைக் குழந்தையிலிருந்து தாத்தா பாட்டி வரை எல்லாரையும் பார்க்கப் படித்தவர்கள். ஏஜி (AG) என்று தொடங்கினால் பதின்வயதுக்காரர்களும் பெரியவர்களும் மட்டும்தான், உங்கள் கைக்குழந்தைக்கு உதவாது. எஃப்என்பியாகவே இருந்தாலும் சில கிளினிக்குகள் சின்னக் குழந்தைகளை எடுப்பதில்லை, அதையும் அதே போனில் கேட்டுவிடலாம். லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்பதை நர்ஸ் லைசென்ஸ்களைச் சரிபார்க்கும் நர்சிஸ் (Nursys) தளத்திலோ மாநில நர்சிங் போர்டு தளத்திலோ பெயரைப் போட்டு இலவசமாகப் பார்க்கலாம்.

"என்ன இருந்தாலும் நர்ஸ்தானே" என்று வீட்டில் யாராவது இழுப்பார்கள். 1965-இல் கொலராடோவில் தொடங்கிய படிப்பு இது. ஆர்என் (பதிவு பெற்ற நர்ஸ்) ஆன பிறகு முதுகலையோ முனைவர் பட்டமோ முடித்தவர்கள், 50 மாநிலங்களிலும் மருந்து எழுதித் தருகிறார்கள். மாநிலத்துக்கு மாநிலம் விதிதான் வேறு. அரிசோனாவில் டாக்டர் மேற்பார்வை இல்லாமலே தனியாகக் கிளினிக் நடத்தலாம், டெக்சாஸில் மருந்து எழுத ஒரு டாக்டரோடு ஒப்பந்தம் வேண்டும். டெக்சாஸ் மாதிரி இடமென்றால் அந்த டாக்டர் யார், தேவைப்பட்டால் அவரைப் பார்க்க முடியுமா என்று கேட்பது தப்பே இல்லை.

இன்சூரன்ஸ் இல்லாதவர்கள் எச்ஆர்எஸ்ஏ (HRSA) என்ற மத்திய அரசு சுகாதார அமைப்பின் தளத்தில் ஜிப் கோட் போட்டால் பக்கத்து சமுதாய சுகாதார மையம் காட்டும். வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தைக் குறைப்பார்கள், அங்கே நர்ஸ் பிராக்டிஷனர்கள் நிறையப் பேர் உண்டு.

புது நோயாளி அப்பாயிண்ட்மென்ட் கிடைக்க வாரக்கணக்கில் ஆகும், அதனால் உடம்பு நன்றாக இருக்கும்போதே வருடாந்திரப் பரிசோதனைக்கு என்று சொல்லிப் பதிவு செய்யுங்கள். பெரும்பாலான பிளான்களில் அதற்குக் கோபே (நாம் கையிலிருந்து கட்டும் தொகை) கிடையாது. ஆனால் போன இடத்தில் அப்படியே முட்டி வலியையும் சேர்த்துச் சொன்னால் அதற்குத் தனி பில் போட அவர்களுக்கு உரிமை உண்டு, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.