எந்த மாதத்தில் எந்தக் காடு? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

"எப்போது போகலாம்?" என்று எழுதுபவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது "எதைப் பார்க்க?" என்பதுதான். நம் இலங்கை சின்னத் தீவு, ஆனால் இதற்குள் இரண்டு பருவமழை. மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும்போது மேற்கும் தென்மேற்கும் நனையும், கிழக்கு காயும். வடகிழக்கிலிருந்து வாடை தொடங்கினால் எல்லாம் தலைகீழ். டிசெம்பர் முதல் மார்ச் வரைதான் சிறந்த காலம் என்று சுற்றுலாக் கையேடுகள் அடித்துச் சொல்வது தெற்குக் கரையிலுள்ள காலிக்கும் மிரிஸ்ஸவுக்கும் பொருந்தும். கிழக்கே பொத்துவில் பக்கம் அதை நம்பிப் புறப்பட்டால் குடையோடுதான் போகவேண்டும்.

கட்டாரில் வேலை செய்கிறேன். இரண்டு வார லீவை ஜூலையிலும் எடுக்கலாம், டிசெம்பரிலும் எடுக்கலாம். பிள்ளைகளுக்கு யானை காட்ட எது நல்லது? (சம்மாந்துறை)

ஜூலை. யோசிக்கவே வேண்டாம். மாரியில் காட்டின் ஒவ்வொரு பள்ளத்திலும் தண்ணீர் நிற்கும். அப்போது யானை எதற்காகக் குளத்தைத் தேடி வரப்போகிறது? பற்றைகளும் தழைத்துவிடும், கைக்கெட்டும் தூரத்தில் நின்றாலும் கண்ணில் படாது. கோடையில் சிறு மடுக்கள் வற்ற வற்ற, கூட்டம் பெரிய நீர்நிலைகளின் கரைக்கு வந்துசேரும்.

உங்களுக்குக் கிட்டவே இருக்கிறது இங்கினியாகலை, கல்லோயாக் காட்டின் வாசல். கல்லோயா 1954இல் தேசிய பூங்காவானது. இங்கே ஜீப்பைவிடப் படகுக்குத்தான் மதிப்பு. மார்ச் தொடக்கம் ஜூலை வரை சேனநாயக்க சமுத்திரம் என்ற நீர்த்தேக்கத்தின் நீர்மட்டம் இறங்கும்போது தீவுகளின் ஓரங்களில் இளம்புல் முளைக்கும். அதை மேய யானைகள் ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு நீந்திப் போகும். தூரத்தில் பார்த்தால் கரிய பாறை மிதப்பதுபோலிருக்கும். கிட்ட வந்தால் நெற்றி மேடும், நீருக்கு மேலே தூக்கிய துதிக்கை நுனியும் மட்டும் தெரியும், மூச்சு விடும் சத்தம் தெளிவாகக் கேட்கும். குட்டி இருந்தால் பெரியவை அதை அணைத்தபடி நீந்தும். அந்த நேரத்தில் எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள். நல்ல படம் எடுக்கலாம் என்று படகை அதன் முன்னால் கொண்டுபோய் விடுபவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வரும்; நடு நீரில் அதற்கு ஒதுங்க வழி ஏது? காலைப் படகையே பிடியுங்கள். பிற்பகலில் கச்சான் என்ற மேல்காற்று எழும்பினால் அலையும் எழும்பும்.

ஜூலைக் கடைசி என்றால் லகுகலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1,554 ஹெக்டேயர்தான், சின்னப் பூங்கா. குளம் வற்றும்போது அதில் அடர்ந்து வளரும் பேரு என்ற நீர்ப்புல்லுக்காக யானைகள் வருகின்றன. பொத்துவில் – மொனராகலை வீதியில் போகும்போதே கண்ணில் படலாம். வாழைப்பழம் மட்டும் எறியாதீர்கள். அப்படிப் பழக்கிய யானைதான் பிறகு வாகனங்களை மறிக்கிறது.

லீவு ஓகஸ்டுக்குத் தள்ளிப்போனால் மின்னேரியா இருக்கிறது. அங்கே யானைகள் கூடுவது குளத்தின் அடியில் முளைக்கும் புல்லுக்காகத்தான். அண்மைய ஆண்டுகளில் கோடையிலும் குளத்தில் நீரை நிரப்பி வைப்பதால் புல் மூழ்கிப்போகிறது. நீர்மட்டத்தை விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள்.

நான் ஆசிரியை. ஏப்ரல், ஓகஸ்ட், டிசெம்பர் விடுமுறைகள்தான் கிடைக்கும். குமணையில் பறவைகள் கூடு கட்டுவதைப் பார்க்க முடியுமா? (களுவாஞ்சிக்குடி)

உங்கள் மூன்று விடுமுறையும் அந்தக் காலத்தின் உச்சத்தைச் சரியாகத் தவறவிடுகின்றன. கூடு கட்டும் காலம் ஏப்ரலில் தொடங்கி ஜூலையில் முடிகிறது, உச்சம் மே, ஜூன். ஓகஸ்டில் போனால் வெறுங்கூட்டைத்தான் பார்ப்பீர்கள். மே மாதத்தில் ஒரு சனி, ஞாயிறை ஒதுக்குங்கள், வெசாக் நாட்களைத் தவிர்த்து. களுவாஞ்சிக்குடியிலிருந்து விடியுமுன் புறப்பட்டுப் பாணமை வழியாக உகந்தைக்குப் போனால் பூங்கா வாயில் அங்கேயே இருக்கிறது.

போர்க்காலத்தில் மூடிக்கிடந்து 2003இல் திறந்த பூங்கா இது. பார்க்கவேண்டிய இடம் குமண வில்லு என்ற இயற்கை நீர்நிலை, ஏறத்தாழ 200 ஹெக்டேயர். கும்புக்கன் ஆற்றிலிருந்து ஒரு சிறு வாய்க்கால் வழியாக நீர் வருகிறது. கண்டல் மரங்களில் கூழைக்கடா, சங்குவளை நாரை, கரண்டிவாயன், நத்தைகுத்தி நாரை என்று கூட்டுக்கு மேல் கூடு. மூக்கைத் துளைக்கும் மீன் நாற்றத்துக்கும் ஆயத்தமாகப் போங்கள்.

டிசெம்பர் விடுமுறையை விட்டுவிடுங்கள். வடக்கிலிருந்து வரும் வாத்துகளும் உள்ளான்களும் மார்ச் வரை நிற்கும். மழை ஓய்ந்தபின் பெப்ரவரியில் ஒரு ஞாயிறு காலை வாவிக்கரைக்கும் வயல் வெளிக்கும் மாணவர்களைக் கூட்டிப்போனால் போதும், செலவும் இல்லை.

மைத்துனர் குடும்பம் கனடாவிலிருந்து நத்தாருக்கு வருகிறது. திமிங்கிலம் பார்க்க ஆசைப்படுகிறார்கள். திருகோணமலைக்குக் கூட்டிப்போகலாமா? (ஆரையம்பதி)

அந்த மாதத்தில் வேண்டாம். வாடைக்கடலில் படகேறினால் திமிங்கிலம் தெரியாது, வாந்திதான் மிஞ்சும். திருகோணமலைக் கடலும் புறாத்தீவின் பவளப்பாறையும் மே முதல் ஓகஸ்ட் வரைக்கு. நத்தாருக்கு மிரிஸ்ஸதான், நீலத் திமிங்கிலம் அங்கே டிசெம்பர் முதல் ஏப்ரல் வரை.

தெற்குக்குப் போகிறவர்கள் பூநாரைக்காகப் புந்தலைக்கும் ஓடுவதுண்டு. 1990இல் இலங்கையின் முதல் ராம்சார் ஈரநிலமானது, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமானது, புந்தலைதான். ஆனால் வயல்களிலிருந்து வழியும் நன்னீர் கலந்து களப்புகளின் உப்புக் குறைந்துவிட்டதால் அங்கே பூநாரை அருகிவிட்டது. இப்போது அதற்கு மன்னார். ஜனவரி கடைசியில் போங்கள்.

ஆடிவேலுக்கு உகந்தையிலிருந்து கதிர்காமம் நடக்கிறோம். வழியில் கரடி வருமா? (திருக்கோவில்)

வரும் காலம்தான். ஜூன், ஜூலையில் பாலைப்பழம் பழுக்கிறது. கரடிக்கு அதைவிட விருப்பமான தீனி இல்லை, மரத்திலேயே ஏறி இருந்து தின்னும். அதனால் ஜீப்பில் போகிறவருக்குக் கரடி பார்க்க ஆண்டிலேயே நல்ல நேரம் இது. நடந்து போகும் உங்களுக்கு அப்படியல்ல. கரடிக்குப் பார்வை மந்தம், திடீரென்று எதிர்ப்பட்டால் மிரண்டு பாயும். கூட்டமாகப் போங்கள், அரோகரா சத்தம் ஓயாமல் கேட்கட்டும். பாலை மரத்தடியில் படுக்காதீர்கள். விடியுமுன்னும் இருட்டியபின்னும் நடக்கவேண்டாம்.

பாடும் மீன் எப்போது கேட்கும்? (வாழைச்சேனை)

ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை, பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில், மட்டக்களப்பு கல்லடிப் பாலத்தடியில். தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் விட்டு மறுமுனையைக் காதோடு சேர்த்துக் கேட்பதே பழைய முறை. பாலத்தில் வாகனம் ஓயும்வரை காத்திருக்க வேண்டும்.

செப்டெம்பரில் யால போகலாமா? (அக்கரைப்பற்று)

வழக்கமாக அந்த மாதத் தொடக்கத்திலிருந்து ஒக்டோபர் நடுப்பகுதி வரை, வறட்சி காரணமாக முதலாம் வலயத்தை மூடிவிடுவார்கள். ஹோட்டலுக்குப் பணம் கட்டுமுன் வனஜீவராசிகள் திணைக்களத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சிறுத்தைதான் வேண்டுமென்றால் அந்த நேரத்தில் வில்பத்து.