காசும் கேஷும்

வணக்கம் ஐயா. 'செக்கை கேஷ் பண்ணு' என்கிறோமே, அந்த கேஷ் நம் காசிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனதாம். எங்கள் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் வந்தது. கில் – கொல், க்ரை – கரை என்று நீண்ட பட்டியல் வேறு. உண்மையா? அந்த வினைக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி, பெரம்பூர்

அன்புள்ள அம்மா,

தமிழில் 'காசாக்கு', 'பணமாக்கு' எதுவும் சரி. பட்டியலை அழித்துவிடுங்கள். கேஷ் பற்றி மட்டும் எழுதியே ஆகவேண்டும். இரண்டு வாரமாக என் மண்டையிலும் அதுதான் ஓடுகிறது.

ஒலி ஒத்துப்போனால் உறவு என்பது, மூக்கு நம்மைப் போல இருக்கிறதென்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரைச் சித்தப்பா என்று கூப்பிடுவது மாதிரி. முதலில் பழைய பொருளைப் பாருங்கள். 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் தலைகாட்டியபோது கேஷுக்குப் பணப்பெட்டி என்றும் பொருள். அடுத்து அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். பிரெஞ்சு கேஸ், இத்தாலிய காஸ்ஸா எல்லாம் பெட்டிதான். மூலம் லத்தீன் காப்ஸா. நாம் விழுங்கும் கேப்சூல் அதன் குட்டி. பெட்டி எப்படிப் பணமாகும் என்கிறீர்களா? 'படம் கல்லா கட்டியது' என்கிறோமே, கல்லா என்பது என்ன?

ஸகரம் ஷகரமானதும் விசேஷமில்லை. பிரெஞ்சு ப்ரோஸ் ஆங்கிலத்தில் ப்ரஷ், பூஸே புஷ். 'கேஷ் பண்ணு' என்ற வினை இந்தப் பெயர்ச்சொல்லிலிருந்து வெகுகாலம் கழித்துக் கிளைத்தது. (ராணுவ அதிகாரியை 'கேஷியர்' செய்தார்கள் என்றால் கல்லாவில் உட்காரவைத்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பதவியைப் பறித்து விரட்டினார்கள். அது 'உடை' என்னும் பிரெஞ்சு வினையின் வழி வந்த வேறு சொல்.)

அதற்காக முகம் வாடவேண்டாம். நம் காசும் கடல் தாண்டியிருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இருக்கும் அதே காசு, போர்ச்சுகீசியர் வாயில் கைஷா ஆனது. வேடிக்கை என்னவென்றால், அவர்கள் மொழியில் கைஷா என்றால் ஏற்கெனவே பெட்டி! காசிலிருந்து வந்த அந்த கைஷா ஆங்கிலேயரிடம் கேஷ் ஆகிச் சில்லறை நாணயத்தின் பெயராயிற்று. நடுவில் சதுர ஓட்டை போட்ட சீன நாணயத்தையும் அவர்கள் அப்படித்தான் அழைத்தார்கள். சென்னைப் பட்டணத்துக் கணக்கில் 80 காசு ஒரு பணம் (அப்போது அது ஒரு நாணயத்தின் பெயர்), 42 பணம் ஒரு நட்சத்திர வராகன் என்ற பொன் நாணயம். 1803-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அடித்த செப்பு நாணயத்தில் ரோமன் எண்ணில் 20 என்று போட்டு, பக்கத்தில் ஆங்கிலத்தில் 'கேஷ்' என்று பொறித்திருக்கும். அந்த கேஷ் நம்முடையது. 1818-ல் சென்னையில் ரூபாய்க் கணக்கு வந்தபின் அது மெல்ல ஒதுங்கிவிட்டது.

இவ்வளவு சொத்து கையில் இருக்க, அடுத்த வீட்டுப் பெட்டிக்கு ஏனம்மா உரிமை கொண்டாடவேண்டும்?

பெரிய ஆங்கில அகராதி எதையாவது பிரியுங்கள். கேஷுக்கு இரண்டு தனிப் பதிவுகள் இருக்கும். நம் காசு இரண்டாவதில். குழுவில் போடுவதானால் அந்தப் பக்கத்தைப் படமெடுத்துப் போடுங்கள், முதல் பதிவை வெட்டாமல்.