செயலியின் (பிராசசர்) வேகத்தைக் குறைத்தால் வெப்பமும் மின்செலவும் உண்மையில் குறையுமா?

காரைக்குடியில் ஏசி இல்லாத அறையில், காணொளித் தொகுப்புக்குப் பயன்படும் கணினியின் செயலி கோடையில் 90 டிகிரியைத் தொடுகிறது, வேகத்தைக் குறைத்து ஓட்டினால் பயனுண்டா, செயலிக்குக் கேடு வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். பயனுண்டு, கேடில்லை. ஆனால் வேகத்தோடு மின்னழுத்தமும் இறங்கினால்தான் முழுப் பயன் கிடைக்கும். பலரும் இதைக் கவனிப்பதில்லை என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

செயலி வேலை செய்யும்போது இழுக்கும் மின்திறனின் பெரும்பகுதி, கடிகார வேகத்துக்கும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கும் நேர்விகிதத்தில் அமையும். 4 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில், 1.25 வோல்ட்டில், 100 வாட் இழுக்கும் செயலி ஒன்றைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். வோல்ட்டைத் தொடாமல் வேகத்தை மட்டும் 3.2 ஆக்கினால் 80 வாட் ஆகும்; ஆனால் ஒரு மணி நேரத்தில் முடிந்த வேலைக்கு ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கும் என்பதால், சூடு தணியுமே தவிர, அந்த வேலைக்குச் செலவான மின்சாரம் பழைய அளவிலேயே நிற்கும். அதே 3.2 கிகாஹெர்ட்ஸில் 1.05 வோல்ட் போதுமென்றால் 56 வாட்தான் வரும். ஒன்றேகால் மணி நேரம் ஓடினாலும் 100 வாட்மணிக்குப் பதில் சுமார் 70 வாட்மணியில் வேலை முடிந்துவிடும்.

இதற்காக வோல்ட்டை நீங்களே கையால் மாற்ற வேண்டியதில்லை. எந்த வேகத்துக்கு எத்தனை வோல்ட் என்ற அட்டவணை இன்றைய செயலிகளுக்குள்ளேயே இருக்கிறது. உச்ச வேகத்துக்கு வரம்பு வைத்தால் வோல்ட் தானாக இறங்கும். உச்சியில் இருக்கும் கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸ்தான் அளவுக்கு மீறிய வோல்ட்டைக் கேட்கின்றன என்பதால், முதலில் விட்டுக்கொடுக்கும் சிறிதளவு வேகமே மிகுந்த பலன் தரும்.

வெப்பக் கணக்கு இன்னும் எளிது. அறை 38 டிகிரி, செயலி 90 டிகிரி என்றால் 100 வாட் ஏற்படுத்திய உயர்வு 52 டிகிரி. 56 வாட்டில் அது ஏறத்தாழ 29 ஆகிவிடும், அதாவது செயலி 67 டிகிரிக்கு அருகில் நிற்கும். அறையின் சூடு ஒவ்வொரு டிகிரியும் அப்படியே செயலியின் மேல் ஏறுகிறது என்பதையும் இதிலிருந்து உணரலாம். நம் பக்கத்துப் பழைய வீடுகளில், தடித்த சுவருக்குள் ஒற்றைச் சன்னலோடு இருக்கும் அறையில் கணினி வெளியிடும் சூடு வெளியேற வழியில்லாமல் தங்கிவிடும். அதே கணினியை வளவை (நடு முற்றத்தை) பார்த்த கதவருகே வைத்தால் காற்றோட்டம் கிடைக்கும். செயலியின் மேலுள்ள வெப்பத்தகட்டின் (ஹீட்சிங்க்) இடுக்குகளில் செம்மண் தூசி அடைத்திருந்தால், எந்த அமைப்பை மாற்றுவதற்கும் முன் அதைத் துடைத்தெடுங்கள்.

மின்கட்டணத்தில் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம். நாள்தோறும் 8 மணி நேரம் முழுச்சுமையில் ஓடினாலும், 44 வாட் குறைவு இரண்டு மாதத்துக்கு 20 யூனிட் அளவில்தான் வரும். தட்டச்சு, இணையம் போன்ற சிறு வேலைகளின்போது செயலி ஏற்கெனவே தன் வேகத்தைத் தானே தாழ்த்திக்கொள்வதால் அங்கே மிச்சம் ஏதுமில்லை. யூபிஎஸ் கூடுதல் நேரம் தாங்குவதும், மின்விசிறியின் இரைச்சல் அடங்குவதுமே அன்றாடம் தெரியும் நன்மைகள் என்பது என் கருத்து.

விண்டோஸில் பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில் மேக்சிமம் பிராசசர் ஸ்டேட் என்பதை 100-இலிருந்து 99 ஆக்கினாலே பெரும்பாலான இன்டெல் கணினிகளில் டர்போ வேகம், அதாவது அடிப்படை வேகத்துக்கு மேல் தானாக ஏறும் வேகம், நின்றுவிடும். ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் செயலியானால் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) ஈகோ மோட் இருக்கிறதா என்று பாருங்கள். 105 வாட் வகைச் செயலியை அது 65 வாட் வகைபோல ஓட்டும்.

வோல்ட்டை மட்டும் தனியாகக் குறைப்பது வேறு வகை வேலை. அளவு மீறினால் கணினி உறைந்து நின்று, செய்துகொண்டிருந்த தொகுப்பு கெடலாம். 2019-இல் வெளியான பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்புக் குறைபாட்டுக்குப் பிறகு பல மடிக்கணினிகளில் அந்த வசதி பூட்டப்பட்டும் விட்டது. வேக வரம்புக்கு அந்தப் பூட்டு தடையில்லை.